வீட்டுக்கு ஒரு பெல்டன் டர்பைன்: மூன்று மழைக்காலம் ஓட்டிய பிறகு

பந்தலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு மேலே இருந்து ஒரு ஓடை வருகிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் நாள்கணக்கில் கரண்ட் இருக்காது என்பதால், கோவையில் ஒரு பட்டறையில் சொல்லி சின்ன பெல்டன் டர்பைன் ஒன்று செய்து வாங்கினோம்; குழாயில் இறங்கி வரும் தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சக்கரத்தைச் சுற்ற, அதில் கரண்ட் எடுக்கும் இயந்திரம் அது. மூன்று மழைக்காலம் தாண்டிவிட்டது, இனி நம்பி எழுதலாம்.

முதலில், விற்பவர் சொல்லும் ஒரு கிலோவாட்டை மறந்துவிடுங்கள். எங்களுக்கு 24 மீட்டர் இறக்கம், வினாடிக்கு 4 லிட்டர் தண்ணீர். இரண்டையும் பெருக்கி அதை 5-ஆல் பெருக்கினால் 480. ஏறக்குறைய அவ்வளவு வாட்தான் கைக்கு வரும், எங்கள் மீட்டர் 450 காட்டுகிறது. கொஞ்சமாகத் தெரியும், ஆனால் ராத்திரி பகல் நிற்காமல் ஓடுவதால் ஒரு நாளைக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் ஆகிறது, விளக்கு, டிவி, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் போக மிச்சமும் இருக்கிறது. அந்த மிச்சத்தை, கரண்டைப் பங்கிட்டு அனுப்பும் பெட்டியான லோடு கன்ட்ரோலர் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் ஹீட்டருக்குத் தள்ளிவிடும். ஆடி மாதக் குளிரில் எந்நேரமும் வெந்நீர், வீட்டில் அம்மாவுக்கு இந்த டர்பைனில் பிடித்ததே அதுதான்.

சக்கரமும் வார்ப்பும் அருமை, குறையே சொல்ல முடியாது. ஜெனரேட்டர் என்பது கப்பாசிட்டர் வைத்து ஓட்டும் சாதாரண மூன்று ஃபேஸ் மோட்டார்தான், அதனால் பேரிங் போனால் எந்த மோட்டார் கடையிலும் கிடைக்கும். இரண்டாவது வருடம் ஒரு முறை மாற்றினேன், அரை நாள் வேலை.

ஆனால் பராமரிப்பு என்று பட்டறைக்காரர்கள் சொன்னது கிரீஸ் போடுவதை மட்டும். உண்மையான வேலை மேலே, தண்ணீர் குழாய்க்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. முதல் மழையில் சருகும் மணலும் வந்து வலையை அடைத்து, குழாய் காற்றை இழுத்து, விளக்கு மினுக் மினுக் என்றது. கொட்டுகிற மழையில் டார்ச்சோடு அட்டைக்கடி வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். அப்புறம் நாமே வலையைச் சாய்வாக வைத்து, அதற்கடுத்து மணல் படிய ஒரு தொட்டி கட்டினோம். இப்போது சருகு தானாக வழிந்து போகிறது, வாரம் ஒரு முறை தொட்டியைத் திறந்துவிட்டால் போதும். கீழே வால்வை மூடும்போது மட்டும் மெதுவாக, நிதானமாக மூட வேண்டும், சடாரென்று மூடினால் தண்ணீர் அடிக்கும் அடியில் பிவிசி குழாய் பிளந்துவிடும்.

எனக்குக் கோபம் ஒரே விஷயத்தில்தான். ஒரு நாள் தொட்டியில் தண்ணீர் இறங்கி ஹீட்டர் கருகிவிட்டது. மிச்ச மின்சாரம் போக வழியில்லாமல் சக்கரம் வேகமெடுத்து வோல்டேஜ் 300-ஐத் தாண்ட, இரண்டு பல்பும் வைஃபை பெட்டியும் போயின. வோல்டேஜ் ஏறினால் துண்டிக்கும் ட்ரிப் இல்லாமலா இதை விற்பது? கேட்டால் அது தனி விலையாம். வீட்டில் குழந்தைகள் இருக்கிற இடத்துக்குக் கொடுக்கும் பொருளில் இது கேட்டு வாங்கும் சாமானாக இருக்கவே கூடாது. நீங்கள் வாங்கினால் ட்ரிப்பும் இரண்டாவது ஹீட்டரும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

சக்கரத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சும் முனையை, அதாவது நாசிலை, இரண்டு அளவில் கொடுத்தது நல்ல யோசனை. மழையில் 16 மில்லிமீட்டர், மாசி பிறந்ததும் 10 மில்லிமீட்டர். கோடையில் 180 வாட்தான், ஃபிரிட்ஜைப் போர்டு கரண்டுக்கு மாற்றிவிடுவோம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். தினமும் தோட்டத்தில் ஆள் இருக்கிறவர்களுக்கு மட்டும், விடுமுறைக்கு வந்து போகிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு இருபது லிட்டர் வாளியும் போனில் ஸ்டாப்வாட்சுமாக ஓடைக்குப் போய், வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். ஆகஸ்டில் அல்ல, மார்ச்சில்.