நண்பர்களை நினைவில் வைக்க ஒரு செயலி: மாற்றி மாற்றிப் பார்த்த கதை

2020 தைப்பூசத்துக்கு முந்தின வாரம். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். உயர்நிலைப் பள்ளியில் கூடப் படித்தவன் எதிரே வந்தான், கையில் வாழையிலைக் கட்டு. பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். "அப்பா எப்படிடா இருக்காரு?" என்று கேட்டேன்.

"போயிட்டாருடா. நவம்பர்ல."

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் சொல்லியிருக்கிறான். அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே உடலை வைத்திருந்து மறுநாள் மண்டாய்த் தகனச்சாலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் குழுவின் சத்தத்தை நான் நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. அவர் கையால் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பேன்! மீன்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நிற்பதுகூடத் தெரியவில்லை எனக்கு.

யாரிடம் பேசி நாளாகிவிட்டது என்று நினைவூட்டும் செயலி ஒன்றை அன்று இரவே தேட ஆரம்பித்தேன். அதற்கப்புறம் வந்த ஏப்ரல் 7-ல் கொரோனா அதிரடி முறியடிப்புத் திட்டம் தொடங்கி, ஜூன் 1 வரை வீட்டிலேயே கிடந்தோமா, சோதித்துப் பார்க்க நேரமும் கிடைத்தது. இது விளம்பரம் இல்லை, தொழில்நுட்ப ஆய்வும் இல்லை. செங்காங்கில் குடியிருக்கும் நாற்பது வயதுக்காரன் ஒருவன் சொந்தக் காசையும் நேரத்தையும் விட்ட கணக்கு.

முதலில் மாட்டியது கட்டணச் செயலி ஒன்று. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. யாரிடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை பேச வேண்டும் என்று நாம் சொல்லிவிட வேண்டும். நாள் தவறினால் அவர் பெயர் சிவப்பாகும். பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990-களில் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு மனிதரால் சுமார் 150 பேருடன்தான் நிலையான உறவு வைத்திருக்க முடியும், என்று. அதற்குள்ளும் 5, 15, 50 என்று வட்டங்கள் உண்டு என்பது பின்னால் சேர்ந்தது. இந்த மாதிரிச் செயலிகளில் பல அந்த யோசனையைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. எனக்குக் கணக்கில் சண்டை இல்லை. உட்கார்ந்து ஆளை வட்டத்துக்குள் போடுவதுதான் கஷ்டம். கூடப் பிறந்த அண்ணனை ஐந்தில் போடுவதா, பதினைந்தில் போடுவதா? அவனோடு பேசியே இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஐந்தில் போட்டேன். மறுநாளே சிவப்பு.

போதாதற்கு என் போனிலிருந்த மொத்தத் தொடர்புகளையும் அது இழுத்துக்கொண்டது. ஏர்கான் கழுவ வருபவர், பழைய டியூஷன் ஆசிரியர், வீட்டு முகவர்கள் நான்கு பேர், எல்லாரும் என் 'உறவுகள்'. குழாய்க்காரரிடம் பேசி வெகுநாள் ஆகிவிட்டதாம், தினமும் காலையில் நினைவூட்டல். அது நல்லதுக்குத்தான், குழாய் ஒழுகவில்லை என்று அர்த்தம்.

சிவப்பைக் குறைக்க வேண்டுமே என்று வேலைக்குப் போகும் வழியில், ரயிலிலிருந்தே வரிசையாக அழைக்க ஆரம்பித்தேன். தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில், ஒரே பிளட்டூனில் இருந்தவன் எடுத்தான். நலம் விசாரித்தேன், பிள்ளைகளைக் கேட்டேன், வேலையைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் சொன்னவன் சட்டென்று நிறுத்தி, "சரி, சொல்லு. இன்சூரன்ஸா?" என்றான். சிங்கப்பூரில் பத்து வருடம் கழித்து ஒருவன் தானாக அழைத்தால் அதற்கு இரண்டே காரணம்தான்: ஒன்று காப்புறுதி விற்க, இல்லையென்றால் சத்துமாவு விற்க. இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று நான் சொன்னதை அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

2021 கடைசியில் அந்தச் செயலியை மூடப்போவதாக மின்னஞ்சல் வந்தது. முப்பது நாளுக்குள் தரவை இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இறக்கினேன். சிஎஸ்வி கோப்பு, காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் உரை. எக்செலில் திறந்தால் தமிழில் எழுதியிருந்த குறிப்பெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன். போகவில்லை. இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செலுக்குள் போய் அந்தக் கோப்பை உரைக்கோப்பாக உள்ளே கொண்டுவந்து, குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் எழுத்து திரும்பி வந்துவிடும். தமிழில் குறிப்பு வைப்பவர்கள் எந்தச் செயலியானாலும் முதல் வாரமே பத்துப் பேரை ஏற்றி, இறக்கி, திறந்து பார்த்துவிடுங்கள். வண்ணம், விட்ஜெட் எல்லாம் அப்புறம்.

அடுத்தது மோனிகா. 2017-ல் வெளிவந்த திறமூல மென்பொருள், நம் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். டாக்கர் என்ற நிறுவல் கருவி தெரிந்தவருக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. இதுதான் மனிதரை மனிதராக நடத்துகிறது என்று தோன்றியது. முதலில் எங்கே சந்தித்தோம், பிள்ளைகள் பெயர், வளர்ப்பு நாய், கொடுத்த பரிசு, கொடுத்த கடன் என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. நினைவூட்டல் மின்னஞ்சலில் வரும். ஒன்றரை வருடம் விடாமல் எழுதினேன். பழைய மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது, அலமாரிக்குப் பின்னால். ஒருநாள் அதன் வன்தட்டு போய்விட்டது. காப்புநகல் நான்கு மாதம் பழையது. மோனிகாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சோம்பேறித்தனம் என்னுடையது. சொந்தமாக நிறுவுகிறவர்கள் காப்புநகல் எடுப்பதையும் சேர்த்தே வேலை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இடையில் டெக்ஸ் என்ற செயலியையும் பார்த்தேன். லிங்க்ட்இன் தொடர்புகளோடு இணைத்துக்கொள்ளும், தொழில்வழித் தொடர்பு வளர்ப்பவர்களுக்கு ஏற்றது. எனக்கு வேண்டியது அத்தை பையனின் பிள்ளை பெயர். விட்டுவிட்டேன்.

மூன்று வருடமாக நான் பயன்படுத்துவது போனிலேயே இருக்கும் தொடர்புப் பட்டியலும் நாள்காட்டியும்தான். சிரிக்காதீர்கள். பெயரைத் தட்டி, திருத்து என்று போய், கடைசி வரை யாராவது இறங்கிப் பார்த்திருக்கிறோமா? அங்கே உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்த வகைச் செயலிகளில் நான் பார்த்தவரை மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாம் ஒரே 'அங்கிள்'தான். ஐபோனில் 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 இயங்குதளம் முதல் தாயின் மூத்த சகோதரர் வேறு, தந்தையின் இளைய சகோதரர் வேறு. அதுவும் போதாதென்றால் 'சம்பந்தி' என்று தமிழிலேயே தட்டிக்கொள்ளலாம். கூகல் தொடர்புகளிலும் உறவின் பெயரை நாமே எழுத முடியும். பிறந்தநாளைப் போட்டால் தானாக நாள்காட்டியில் ஏறிவிடும்.

திதிதான் தகராறு. அது வருடா வருடம் ஒரே தேதியில் வராது. ஜனவரியில் நாள்காட்டி தொங்கவிடும் அன்றே பஞ்சாங்கம் பார்த்து அந்த வருடத்துக்கு வேண்டிய ஏழெட்டுத் திதிகளையும் கையால் ஏற்றிவிடுவேன். அரைமணி நேர வேலை.

குறிப்பு இரண்டு வரிக்கு மேல் போகாது. ஈசூனில் இருக்கும் நண்பன் ஒருவனுடையது இப்படி: "மகளுக்கு இந்த வருடம் பிஎஸ்எல்இ. அம்மாவுக்கு மார்ச்சில் முட்டி ஆபரேஷன். சர்க்கரை வந்துவிட்டது, தே ஓ கோசோங்." பிஎஸ்எல்இ தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, தே ஓ கோசோங் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். முட்டி எப்படி இருக்கிறது என்று ஏப்ரலில் கேட்க இது போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதே ஐஓஎஸ் 13 முதல், ஆப்பிளின் தனி அனுமதி இல்லாத வெளிச் செயலி எதுவும் இந்தக் குறிப்புகளைப் படிக்க முடியாது. 2024-ல் வந்த ஐஓஎஸ் 18-ல், ஒரு செயலி தொடர்புகளைக் கேட்டால் மொத்தத்தையும் கொடுக்காமல் வேண்டியவர்களை மட்டும் காட்டலாம். குழாய்க்காரர் கதை இனி நடக்காது.

வெளியாள் படிப்பதை ஆப்பிள் தடுக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவன் படித்தால்? போன வருடம் கோப்பிக்கடையில் ஒரு நண்பன், பொதுவான தோழர் ஒருவரின் எண்ணைக் கேட்டான். நான் தட்டைக் கொண்டுபோய் வைக்க எழுந்தபடி, "நீயே பாத்துக்கோ" என்று போனைக் கொடுத்தேன். திரும்பி வந்தால் திரையில் அவனுடைய தொடர்பு அட்டை. அடியில் என் எழுத்து: "800 வெள்ளி கொடுத்தது. திருப்பிக் கேட்கவில்லை. இனிக் கொடுக்காதே." போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். எண்ணைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அன்றிரவு பதினொரு மணிக்கு பேநவ்வில், அதாவது போன்வழி வங்கிப் பணமாற்றில், 800 வெள்ளி வந்தது, கூட ஒரு சொல்கூட இல்லை. நான்கு மாதம் அவன் என் அழைப்பை எடுக்கவில்லை.

2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், சொந்த வீட்டு உபயோகத்துக்கு ஒருவர் எழுதி வைப்பதைத் தொடாது. சட்டப்படி நான் செய்தது குற்றமில்லை. அவனிடம் போய்ச் சட்டம் பேசவா முடியும்? அந்த வாரமே எல்லா அட்டைகளையும் திறந்து, சம்பந்தப்பட்டவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் கூசக்கூடிய வரியை எல்லாம் அழித்தேன். அட, எத்தனை இருந்தது தெரியுமா!

தேக்காவில் பார்த்தவனை அவன் அப்பாவின் திதி வாரத்தில் அழைத்துவிடுவேன். முதல் தடவை, "எப்படிடா ஞாபகம் வச்சிருக்க?" என்று குரல் கம்மக் கேட்டான். நடிக்கத் தோன்றவில்லை, போன்தான் சொன்னது என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப நானும் உன்னைப் போட்டு வைக்கிறேன். உன் பொறந்தநாள் எப்போ?" என்றான். சொன்னேன். போட்டுக்கொண்டான், நாளையும் மாதத்தையும் மாற்றி. செப்டம்பர் 7-க்குப் பதில் இரண்டு வருடமாக ஜூலை 9-ல் காலை ஆறரைக்கே அவனிடமிருந்து வாழ்த்து வந்துவிடுகிறது. நான் திருத்தவில்லை.