டேப் பார்த்து கிட்டார் பழகிய மூன்று ஆண்டுகள்

நாற்பத்தொரு வயதில் கிட்டார் வாங்கியவன் நான். சிறுவயதில் இரண்டு ஆண்டுகள் பாட்டு வகுப்புக்குப் போய், அலங்காரங்களை முடித்துக் கீதத்தின் நடுவில் நின்றுபோனவன் என்பதால் ஆதி தாளம் போடத் தெரியும். அதைத் தவிர இசையறிவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மேலை இசைக்குறிப்பின் ஐந்து கோடுகளைப் பார்த்து மிரண்டுபோய், டேப் (எந்தக் கம்பியை எங்கே அழுத்த வேண்டும் என்று எண்களால் காட்டும் குறிப்பு) இருந்தால் யாரும் கிட்டார் வாசித்துவிடலாம் என்று பலரும் சொன்னதை நம்பித் தொடங்கினேன். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில், அந்தச் சொல் இடது கைக்கு மட்டும்தான் பொருந்துகிறது. வலது கைக்கு டேப் ஏறக்குறைய எதையும் கற்றுத் தருவதில்லை.

டேப் என்பது ஆறு கோடுகள், அவற்றின் மேல் எண்கள். கோடு கம்பியைக் குறிக்கும். எண் எந்த ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளால் பிரிந்த கட்டம்) விரலை அழுத்த வேண்டும் என்பதைக் குறிக்கும். 0 என்றால் அழுத்தாமல் வெறும் கம்பியை மீட்ட வேண்டும். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தால் சேர்த்து மீட்ட வேண்டும். இவ்வளவையும் அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டுவிட்டேன். ஆனால் முதல் வாரம் முழுவதும் எல்லாவற்றையும் தலைகீழாக வாசித்தேன். கிட்டாரை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் நம் முகத்துக்கு அருகில் இருப்பது தடித்த கம்பி. டேப்பிலோ மேல்கோடு மெல்லிய கம்பிக்கு உரியது. 1507-இல் வெனிஸ் நகரில் பெத்ருச்சி என்பவர் லூட் என்ற நரம்புக் கருவிக்கான டேப்புகளை அச்சிட்டபோது, அந்த இத்தாலிய முறையில் தாழ்ந்த ஒலியுடைய கம்பிதான் மேல்கோட்டில் இருந்தது என்பதைப் பின்னாளில் படித்தேன். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் நான் சரியாகவே வாசித்திருப்பேன்.

டேப்பின் உண்மையான பலம் எனக்குப் புரிந்தது இரண்டாவது மாதத்தில். நாம் பழகிய ஸ்வரக் குறிப்பு எந்த ஸ்வரம் என்பதைச் சொல்லும். கருவியில் அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. கிட்டாரிலோ ஒரே ஸ்வரம் பல இடங்களில் கிடைக்கும். மெல்லிய ஈ கம்பியை (கம்பிகளுக்கு மேலை ஸ்வர எழுத்துகளே பெயர்) வெறுமனே மீட்டினால் வரும் ஒலியே பி கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டிலும், ஜி கம்பியின் 9-ஆம் ஃப்ரெட்டிலும், டி கம்பியின் 14-ஆம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. இவற்றில் எதை எடுத்தால் அடுத்த ஸ்வரத்துக்குக் கை எளிதாகப் போகும் என்பதைப் புதிதாகக் கற்பவர் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல டேப் அந்த முடிவை நமக்காக எடுத்துத் தருகிறது.

அது சொல்லாமல் விடுவது காலம். அச்சிட்ட நூல்களிலும் கிட்டார் புரோ போன்ற மென்பொருள்களிலும் டேப்புக்கு மேலே இசைக்குறிப்பும் இருப்பதால் ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது தெரியும். மென்பொருளில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கவும் முடியும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்து வடிவ டேப்புகளில் எண்களும் அவற்றுக்கு இடையே சிறு கோடுகளும் மட்டுமே இருக்கும். அந்த இடைவெளியைக் கால அளவு என்று நம்பி ஏமாந்திருக்கிறேன். எழுதியவர் வரியை நிரப்புவதற்காகப் போட்ட கோடுகளாகவும் அவை இருக்கலாம். தெரிந்த பாட்டு என்றால் காது அந்தக் குறையை நிரப்பிவிடும். அதனால்தான் நான்கு மாதங்கள் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மிருதங்கம் பழகும் என் அக்காள் மகன் ஒருநாள் கூட வாசிக்க உட்கார்ந்து, இரண்டாவது வரியிலேயே கையை எடுத்துவிட்டு, "மாமா, தாளத்தை எங்க விட்டீங்க?" என்று கேட்டான். விரல் கடினமான இடத்துக்குப் போகும்போதெல்லாம் நான் நின்று, இடத்தைப் பிடித்த பிறகு தொடர்ந்திருக்கிறேன். எண்கள் எல்லாம் சரி, பாட்டுத்தான் இல்லை.

அன்றிலிருந்து ஆறு மாதங்கள் டேப்பை மூடி வைத்துவிட்டு ஸ்ட்ரம்மிங், அதாவது கம்பிகளைச் சேர்த்து மேலும் கீழுமாக வீசி மீட்டுவதை மட்டும் பழகினேன். இந்தப் பகிர்வில் நான் விரிவாகச் சொல்ல விரும்புவதும் இதைத்தான். நான்கு தட்டுகளை ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக எட்டாகப் பிரித்துக்கொண்டு, தட்டில் கை கீழே போக வேண்டும், தட்டுக்கு இடையில் மேலே வர வேண்டும். கம்பியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் கை ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாருக்கும் முதலில் கற்பிக்கப்படும் ஒரு வடிவம் உண்டு: கீழ், கீழ்-மேல், மேல், கீழ்-மேல். இதை வெறும் ஆறு அசைவுகளாக மனப்பாடம் செய்ததுதான் என் முதல் பிழை. இரண்டு மேல்வீச்சுகள் அடுத்தடுத்து வருவதாகத் தோன்றும் இடத்தில் கையை மேலேயே நிறுத்தி வைத்து, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் மாறியது. உண்மையில் அந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது தட்டு இருக்கிறது. அங்கே கை கம்பியைத் தொடாமல் கீழே போய் வர வேண்டும்.

இது விளங்கியது பழைய பாட்டு வகுப்பால்தான். ஆதி தாளத்தில் தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று எட்டு அட்சரங்கள். வீச்சில் சத்தம் இல்லை, ஆனாலும் அது ஒரு அட்சரம். அதைப் போடாமல் விட்டால் தாளம் கவிழ்ந்துவிடும். ஸ்ட்ரம்மிங்கில் கம்பியைத் தொடாமல் போகும் அந்தக் கீழ்வீச்சும் அதேதான் என்று மனதில் பட்ட அன்று, மூன்று வாரமாக வராதது ஒரு மாலையில் வந்தது. பாட்டு வகுப்பைப் பாதியில் விட்டதற்காக அம்மாவிடம் வாங்கிய திட்டு எல்லாம் அன்று நினைவுக்கு வந்தது.

கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களுக்கான விரல் பிடி) மாற்றம் அடுத்த தடை. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்துக்கொண்டு, சி கார்டிலிருந்து ஜி கார்டுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணி நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தேன். முதல் மாதம் 11, நான்காவது மாதம் 38. எண்ணிக்கை கூடியதைவிடப் பயன்பட்டது, கடைசி மேல்வீச்சின்போதே இடது கையை எடுத்துவிடலாம் என்ற அனுமதிதான். அந்த ஒரு கணம் வெறும் கம்பிகள் ஒலிக்கும். கேட்பவர் காதில் அது உறுத்துவதில்லை. கார்ட் சற்றுக் கலங்கினாலும் வலது கை நிற்காவிட்டால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். விரலுக்காக வலது கை காத்திருந்தால், எவ்வளவு சுத்தமான கார்டாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

நம் திரைப்பாடல்களில் ஏராளமானவை ஆறு எண்ணிக்கையில் ஓடுபவை என்பதால் மேற்சொன்ன வடிவம் அவற்றுக்குப் பொருந்தாது. ஆறையும் கீழ்-மேல் என்று மாறி மாறிப் போட்டால் அழுத்தம் விழ வேண்டிய நான்காவது எண்ணில் மேல்வீச்சு வந்து நிற்கும். மெதுவான பாடல்களுக்கு ஆறையும் கீழ்வீச்சாகவே போட்டு, ஒன்றிலும் நான்கிலும் மட்டும் அழுத்துகிறேன். வேகமான பாடல்களில் இன்னும் தடுமாறுகிறேன்.

கருவியைப் பற்றிச் சிறிது. வாங்கியபோது 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பி மூன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. புதியவருக்கு அது தண்டனை. விரல் நுனி வலி எல்லாருக்கும் வருவதுதான் என்று கடையில் சொன்னதை நம்பி மூன்று மாதம் பொறுத்தேன். பழுது பார்ப்பவர் ஒருவர் கம்பிகள் கிட்டாரின் உடலில் தங்கும் சேடிலின் அடியைத் தேய்த்து இரண்டரைக்கு இறக்கித் தந்ததும் பாதி வலி போயிற்று. தடித்த 12 கேஜ் கம்பிகளைக் கழற்றி மெல்லிய 10 கேஜ் போட்டதும் மீதியில் பெரும்பகுதி போயிற்று. ஸ்ட்ரம்மிங்குக்கு 0.46 மில்லிமீட்டர் பிக் (மீட்டும் சிறு தகடு), டேப் வாசிக்க 0.73. சென்னைக் கடற்காற்றில் எஃகுக் கம்பிகள் இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கின்றன. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் இன்னும் ஒரு மாதம் தாங்கும்.

எஃப் கார்டை எல்லாரும் பயமுறுத்துவது நியாயமே. முதல் ஃப்ரெட்டில், கம்பிகளைத் தாங்கும் நட்டுக்கு அருகிலேயே, ஆறு கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்துவது மிகக் கடினமான இடத்தில் தொடங்குவதாகும். அதே வடிவத்தை 5-ஆம் ஃப்ரெட்டில் பிடித்தால் ஏ கார்ட். அங்கே பழகி, வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வந்தேன். ஆள்காட்டி விரலின் சதைப்பக்கத்தை விட்டு, எலும்பு தட்டுப்படும் ஓரத்துக்குச் சற்று உருட்டி அழுத்துவதுதான் இதில் நுட்பம்.

எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துச் சுருதியை உயர்த்தும் கேப்போ வாங்கியது வீட்டில் பாடுபவர்களுக்காக. நான் பாடுவது ஒன்றரைக் கட்டை; என் மனைவி ஐந்தரைக் கட்டை. கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டிச் சி கார்ட் வடிவங்களைப் பிடித்தால் எனக்கு. அதே இடத்தில் ஜி கார்ட் வடிவங்களைப் பிடித்தால் அவளுக்கு. கேப்போவை நகர்த்தவே வேண்டியதில்லை என்று கண்டுபிடித்த அன்று நான் அடைந்த பெருமைக்கு அளவில்லை.

இப்போது மறுபடி டேப்புக்குத் திரும்பியிருக்கிறேன், ஆனால் வரிசை மாறிவிட்டது. முதலில் பாட்டைக் கேட்டுத் தொடையில் தாளம் போட்டு, எந்த எண் தட்டில் விழுகிறது, எது தட்டுக்கு இடையில் விழுகிறது என்று பென்சிலால் டேப்பின் கீழே குறித்துக்கொள்கிறேன். தட்டில் விழுவதற்குக் கீழ்மீட்டு, இடையில் விழுவதற்கு மேல்மீட்டு என்று ஸ்ட்ரம்மிங் விதியையே இங்கும் கடைப்பிடிக்கிறேன். கமகம் நிறைந்த பாடல்களின் மெட்டுக்கு டேப் போதவில்லை. வழுக்கலுக்கு ஒரு சாய்கோடும் கம்பியை வளைக்க ஒரு எழுத்தும் இருக்கின்றன, ஆனால் ஒரு அசைவு எங்கே தொடங்கி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அவற்றால் எழுத முடிவதில்லை. அவற்றைப் பாடிப் பார்த்தே பிடிக்கிறேன்.

மெட்ரோனோம் 96-ஐத் தாண்டினால் மூன்றாவது தட்டில் கை இன்னும் நிற்கத்தான் பார்க்கிறது. அக்காள் மகன் விடுமுறைக்கு வரும்போது 100-இல் கூட வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.