எடைத் தராசு இல்லாத எட்டு வாரங்கள்

எங்கள் ஜிம்மில் உறுப்பினர்களுக்காக நடந்த எட்டு வாரப் போட்டி முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. முடிந்த அன்றே எழுதியிருந்தால் கைதட்டலை மட்டும்தான் எழுதியிருப்பேன். ஆரவாரம் அடங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஐந்தாவதை ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொல்கிறேன்.

எனக்கு வயது 47. கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க நாற்காலி. இதற்கு முன் வேறொரு ஜிம்மில் சேர்ந்திருந்தேன். அங்கேயும் ஒரு போட்டி வைத்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் யார் அதிகக் கிலோ குறைக்கிறாரோ அவருக்குப் பரிசு. வேறு விதியே கிடையாது. கடைசி வாரத்தில் என் பக்கத்து டிரெட்மில்லில் ஓடிய பெண் மழைக்கோட்டு போன்ற பிளாஸ்டிக் உடையைப் போட்டிருந்தார். இரண்டு நாளாகத் தண்ணீரைக்கூட மூடியால் அளந்து குடிப்பதாகச் சொன்னார். எடை பார்க்கும் நாளன்று தராசிலிருந்து இறங்கியவர், கண் இருட்டிச் சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டாம் பரிசு. எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். அடுத்த மாதத்திலிருந்து அவரைக் காணவில்லை. சில மாதங்களில் நானும் நின்றுவிட்டேன்.

அந்தக் கடைசி வாரத்தில் அவர் உடம்பிலிருந்து இறங்கியது பெரும்பாலும் தண்ணீர்தான், கொழுப்பு அல்ல. 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், எடைப் பிரிவுக்குள் வருவதற்காக இப்படி உடம்பை வற்றவைத்து, சில வார இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடையையும் நீராவி அறையையும் தடை செய்தார்கள். பயிற்சி பெற்ற கல்லூரி வீரர்களுக்கே அந்தக் கதி. அலுவலகம் முடிந்து ஓடிவருகிற நம்மைப் போன்றவர்களிடம் "கிலோவைக் குறை, பரிசு வாங்கு" என்று சொல்வது பெரிய தவறு. அதை இன்றும் கோபத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் புதிய ஜிம்மில் போட்டி என்று பலகை வைத்தபோது படிக்காமலே கடந்து போனேன். கோச்தான் கூப்பிட்டார். "அக்கா, கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்." எடை பார்க்க மாட்டோம், இடுப்பை அளக்க மாட்டோம், போட்டிக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து ஒப்பிட மாட்டோம் என்று எழுதியிருந்தது. அங்கேயே நின்று பெயர் கொடுத்தேன்.

நான்கு பேர் கொண்ட அணிகள். அணியை நாம் சேர்க்க முடியாது, கோச்தான் பிரித்தார். என் அணியில் ஒரு கல்லூரி மாணவி, இரண்டு ஆண்டாக எடை தூக்கும் ஒரு இளைஞர், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவர் அனுமதியுடன் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், நான். மூன்று வழியில் மதிப்பெண். முதலாவது வருகை: வாரத்துக்கு நான்கு நாள் வரைதான் கணக்கு. ஐந்தாவது நாள் வந்தாலும் மதிப்பெண் கிடையாது. இந்த உச்சவரம்பை யோசித்தவரைப் பாராட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் ஆர்வக்கோளாறில் ஏழு நாளும் வந்து மூன்றாம் வாரமே தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். இரண்டாவது முன்னேற்றம்: நம்முடைய முதல் வார அளவை நாமே எத்தனை சதவீதம் தாண்டினோம் என்பது. மூன்றாவது, கடைசி நாள் அணிப் போட்டி.

தொடங்கும் முன் நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மூட்டு, மருந்து என்று ஏழு கேள்வி கொண்ட தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். எதற்காவது ஆம் என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். முதல் வாரத்தில் "முடிந்த மட்டும் குதித்து ஸ்குவாட் போடுங்கள்" (ஸ்குவாட் என்றால் குந்தி எழும் பயிற்சி) போன்ற சவாலே கூடாது என்பதிலும் கோச் கறாராக இருந்தார். பழக்கமில்லாத தசையை ஒரே நாளில் அளவுமீறி வதைத்தால் தசை இழைகள் சிதைந்து, அதிலிருந்து கசியும் பொருள் சிறுநீரகத்தைத் தாக்கலாம், சிறுநீர் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். போட்டி நடத்துகிறவர் வாயிலிருந்து இதைக் கேட்டது எனக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. எடை தூக்குவதிலும் அப்படித்தான். ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையை யாரிடமும் சோதிக்கவில்லை. எட்டு தடவை ஒழுங்காகத் தூக்க முடிந்த எடையிலிருந்து சூத்திரம் போட்டு உச்ச அளவை மதிப்பிட்டார்கள்.

ஸ்குவாட்டுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டியைத் தொட்டு எழுந்தால்தான் எண்ணிக்கை. ஒருவர் செய்ய, வேறு அணிக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். சாதாரண ஏற்பாடுதான். ஆனால் மூன்று மாதமாக ஒரே நேரத்துக்கு வந்தும் தலையசைத்துக்கொள்ளாத ஒருவர் எனக்காக "பதினாறு... பதினேழு... இது படவில்லை... பதினேழு" என்று குனிந்து பார்த்து எண்ணினார். முடிந்ததும், "நாளைக்கு எனக்கு நீங்கள் எண்ண வேண்டும்" என்றார். கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி முறைக்காரர்கள் 2011 முதல் நடத்தும் ஓப்பன் போட்டியிலும் இதே முறை உண்டு. உலகம் முழுக்க ஒரே பயிற்சியை அவரவர் ஜிம்மிலேயே செய்ய, பக்கத்திலிருப்பவர் நடுவராக நின்று எண்ணுவார். ஒரு ஜிம் தன் உறுப்பினர்களைப் பழகவைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

முன்னேற்றத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது, உட்கார்ந்தபடி துடுப்பு வலிப்பதுபோல இழுக்கும் ரோயிங் மெஷினில் 500 மீட்டர். முதல் வாரம் 2 நிமிடம் 41 நொடி. எட்டாம் வாரம் 2 நிமிடம் 19 நொடி. இடையில் கற்றதில் முக்கியமானது, அந்த இயந்திரத்தைக் கையால் இழுக்கக் கூடாது என்பது. முதலில் கால் தள்ள வேண்டும், பிறகு முதுகு சாய வேண்டும், கை கடைசியில்தான். திரும்பும்போது நேர் எதிர்: கை, முதுகு, கால். பக்கவாட்டில் உள்ள காற்றுத் தடுப்பைப் பத்தில் வைத்தால் நேரம் குறையும் என்று நினைத்து இரண்டு வாரம் வீணாக்கினேன். அது கடினத்தைத்தான் கூட்டுகிறது, வேகத்தை அல்ல. மாணவிதான் அதை நான்குக்கு இறக்கிவிட்டு, "ஆன்ட்டி, இப்போது இழுத்துப் பாருங்கள்" என்றாள். அன்றே நான்கு நொடி குறைந்தது.

இனி குறை. கணக்கு எழுதுகிறவள் என்பதால் மதிப்பெண் முறையை விட மனம் வரவில்லை. எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ 14 சதவீத முன்னேற்றம். எங்கள் அணி இளைஞர் 1 நிமிடம் 36 நொடியிலிருந்து 1 நிமிடம் 33 நொடிக்கு வந்தார். வெறும் 3 சதவீதம். "நான் உயிரைக் கொடுத்து இழுத்தேன், எனக்கு மூன்று மதிப்பெண்ணா?" என்று வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம். இந்த இயந்திரத்தில் நொடிக்கு நொடி செலுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் முப்படியில் ஏறுகிறது; வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. மானிட்டர் காட்டிய வாட் கணக்கில் நான் 84லிருந்து 130க்கு வந்திருக்கிறேன். 46 வாட் கூடுதல். அவர் 396லிருந்து 435க்குப் போயிருக்கிறார். 39 வாட் கூடுதல். வாட்டில் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே படி ஏறியிருக்கிறோம். அடுத்த முறை நேரத்தின் சதவீதத்தை விட்டுவிட்டு, கூடிய வாட்டைக் கணக்கில் எடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதியவர்களை ஊக்குவிப்பதற்காகப் பழையவர்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஜிம்மை ஆண்டு முழுக்கத் தாங்குகிறவர்கள் அவர்களும்தான்.

முதல் வாரத்தில் வேண்டுமென்றே மெதுவாக இழுத்து, பிறகு பாய்ச்சல் காட்டும் தந்திரத்துக்கு மட்டும் நல்ல தடை வைத்திருந்தார்கள். முதல் வாரத்தில் இரண்டு சோதனை, அதில் சிறந்ததே அடிப்படை. போதாததற்கு 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் இல்லை.

இரண்டாவது குறை, அந்த மூன்று வழிக்கும் மேலே தொடக்கத்தில் சேர்த்திருந்த காலடி எண்ணும் சுற்று. நாளுக்கு 10,000 அடி. கைக்கடிகாரத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆட்டி எண்ணிக்கை ஏற்றியவர்கள் இருந்தார்கள். இத்தனைக்கும் அந்த 10,000 என்ற எண்ணே 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது. முழங்கால் வலியோடு 4,000 அடி நடந்த ஆசிரியர் அட்டவணையில் கடைசியில் இருந்தார். அவர் முகம் வாடியதைப் பார்த்து நானே கோச்சிடம் பேசினேன். இரண்டாம் வாரத்தோடு அந்தச் சுற்றைக் கைவிட்டார்கள். வாட்ஸாப் குழுவில் தினமும் இரவு முழுத் தரவரிசை போடும் வழக்கத்தையும் மாற்றினார்கள். முதல் ஐந்து பெயர் மட்டும் குழுவில், மற்றவர்களுக்கு அவரவர் இடம் தனிச் செய்தியில். சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொண்டதற்காகவே அரை நட்சத்திரம் கூடக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் ஐந்தாம் நட்சத்திரத்தைப் பறித்தது. போட்டியில் சேராதவர்களை மறந்துவிட்டார்கள். மாலை ஆறு மணிக்கு மூன்று ரோயிங் மெஷினிலும் நாங்களே உட்கார்ந்திருந்தோம். மாதக் கட்டணம் அவர்களும்தானே கட்டுகிறார்கள்? ஒரு அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார்.

கடைசி நாளைப் பற்றி. அணிக்கு ஒரு இயந்திரம், 2,000 மீட்டர், ஆளுக்கு 500. முடித்தவர் கால்பட்டையை அவிழ்த்து எழ, அடுத்தவர் உட்கார்ந்து பட்டையை இழுத்துக்கட்ட வேண்டும். பட்டை கட்டும் நேரத்தில் சக்கரம் வேகம் இழந்துவிடும். அதனால் ஒருவர் வலது காலையும் ஒருவர் இடது காலையும் கட்டிவிடுவது என்று முந்தைய வாரம் முழுக்கப் பழகினோம். இளைஞர் முதலில், மாணவி இரண்டாவது, நான் மூன்றாவது. ஆசிரியர் தானே கேட்டுக் கடைசி இடத்தை வாங்கிக்கொண்டார். அவர் உட்கார்ந்தபோது நாங்கள் இரண்டாம் இடத்தில் இருந்தோம். இருநூறு மீட்டர் மீதமிருக்கையில் நான்காம் இடம். அவர் மானிட்டரைப் பார்க்கவே இல்லை. இளைஞர் அவர் காதருகே குனிந்து, "சார், காலால் தள்ளுங்கள்... காலால்... சரி... இன்னொன்று" என்று ஒவ்வொரு இழுப்புக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். கைப்பிடி பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. நான்காம் இடத்திலேயே முடித்தோம். ஆசிரியரின் 500 மீட்டர், அவருடைய முதல் வார நேரத்தைவிட 31 நொடி குறைவு. அவருடைய மகள் வாசல் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அன்றிரவு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டும்போது சைக்கிள் வீரர்கள் வேகம் கூடுவதை நார்மன் டிரிப்ளெட் என்பவர் 1898லேயே எழுதியிருக்கிறார். 1920களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானியர் பெர்லின் படகோட்டும் சங்கத்து உறுப்பினர்களை முதலில் தனித்தனியாக எடை தூக்கச் சொல்லி, பிறகு இருவராகச் சேர்ந்து ஒரே கம்பியைத் தூக்கச் சொன்னார். ஒருவர் விட்டால் இருவருக்கும் முடிந்தது. அப்போது பலம் குறைந்தவர்தான் தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் இடையே பலம் மிதமாக வேறுபட்டபோது அந்தப் பலன் அதிகம். வேறுபாடு மிகப் பெரிதானபோது குறைந்துபோனது. எங்களை ஏன் அப்படிக் கலந்து பிரித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. பெயர் கொடுத்த நாளில் அந்த இளைஞரோடு போட்டதற்காக நான் கோச்மீது எரிச்சல்பட்டிருந்தேன்.

போட்டி முடிந்த அடுத்த வாரம் ஜிம் வெறிச்சோடியது. இதற்கு நிர்வாகம் எந்தத் திட்டமும் வைத்திருக்கவில்லை. பரிசு கொடுத்து, படம் எடுத்து, பலகையைக் கழற்றியதோடு சரி. வழக்கமாக எல்லா இடத்திலும் இந்த வாரத்தில்தான் ஆட்கள் நழுவுகிறார்கள். எங்களைக் காப்பாற்றியது நாங்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. செவ்வாய், வியாழன் காலை ஆறரைக்கு நால்வரும் வருகிறோம். ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரில் யாராவது கூப்பிட்டு விசாரிப்போம். ஐந்து வாரத்தில் நான் தவறவிட்டது ஒரே ஒரு நாள். அன்று ஆறே முக்காலுக்கு ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "என்னம்மா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். பழைய ஜிம்மில் நான் மாதக்கணக்கில் போகாமல் இருந்தபோதும் கட்டணம் கட்டச் சொல்லித்தான் குறுஞ்செய்தி வந்தது.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வாட் கணக்குக் கோரிக்கையோடு இன்னொன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: மூன்று ரோயிங் மெஷினில் ஒன்றை, போட்டியில் இல்லாதவர்களுக்கென்று மாலை முழுக்க விட்டுவைக்க வேண்டும். கோச் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அறிவிப்புப் பலகையில் விதிகளுக்கு மேலே அதைக் குத்தி வைத்தார். துண்டோடு நின்ற அந்த அம்மாவை நேற்று பார்த்தேன். பலகையைக் காட்டி, எங்கள் நேரத்துக்கு ஒருநாள் வாருங்கள் என்றேன். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.