ரெண்டர் போட்டால் அணைந்துவிடும் கம்ப்யூட்டர்: சில வருட அனுபவம்

மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 2021இல் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப்: இன்டெல் ஐ5-10400 ப்ராசசர், 16 ஜிபி ரேம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட். முதல் வருடம் ஒரு தொல்லையும் இல்லை. அடுத்த கோடையில்தான் வம்பு ஆரம்பித்தது. எடிட் செய்யும்போது ஒன்றும் ஆகாது. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக மாற்றும் வேலை) போட்டுவிட்டு டீ குடித்து வந்தால் ஸ்கிரீன் இருட்டாகக் கிடக்கும்.

சர்வீஸ் கடையில் முதலில் விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள். அடுத்த தடவை எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பவர் சப்ளை பெட்டியை, மாற்றினார்கள். பணம் போனதுதான் மிச்சம். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூயரில் இருந்த 'கெர்னல்-பவர் 41' என்ற வரியைக் காட்டித்தான் பவர் சப்ளை கோளாறு என்று முடிவு கட்டினார்கள். அந்த 41 சொல்வது, விண்டோஸ் முறையாக மூடப்படாமல் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்பதை மட்டும்தான். கரண்ட் போனாலும் 41 வரும், ரீசெட் பட்டனை அழுத்தினாலும் 41 வரும்.

உருப்படியாக உதவியது ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற சாஃப்ட்வேர். சொந்த உபயோகத்துக்கு இலவசம். சென்சார் அளவுகளை ஃபைலில் எழுதிக்கொண்டே போகும் என்பதால், அணைவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று பிறகு பார்க்கலாம். இந்த ப்ராசசரின் உச்சவரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் அணைந்துவிடும்.

எத்தனை டிகிரி என்பதைவிட, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். என்னுடையது ரெண்டர் தொடங்கிய சில விநாடிகளிலேயே 45இலிருந்து 95க்குத் தாவியது. தூசி மட்டும் காரணமென்றால் இப்படித் தாவாது. சூட்டை இழுத்து வெளியேற்றும் கூலர் ப்ராசசர் மீது சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். மதர்போர்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். ப்ராசசர் கூடவே வரும் கூலருக்கு நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின்கள். மூன்றில் வெள்ளைக் கால்கள் விரிந்து, நடுவே கருப்பு முனை எட்டிப் பார்த்தது. நான்காவதில் கால் விரியவே இல்லை. பூட்டாமல் சும்மா செருகியிருந்தார்கள். அந்த மூலையில், ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல உதிர்ந்தது.

ஐசோபிரைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, பின்களை எதிரெதிர் மூலையாக 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். தூசிக்கு ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; அசுர வேகத்தில் சுற்றினால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

தாவல் நின்றது. ஆனால் நீண்ட ரெண்டரில் சூடு மெல்ல மெல்ல ஏறி 90ஐத் தாண்டியது. இப்படி நிதானமாக ஏறினால் காற்றோட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே ரெண்டரை ஓட்டினேன்; பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது. பார்க்க அழகான அந்தக் கண்ணாடி முகப்புதான் காற்றை உள்ளே விடாமல் தடுத்திருக்கிறது. வலைபோட்ட முகப்பு உள்ள கேபினெட்டுக்கு மாறினேன். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள.

அதற்குப் பிறகு ரெண்டர் நடுவில் அணைந்ததில்லை. வலை முகப்பில் தூசி சீக்கிரம் அடைகிறது என்பது உண்மை. ஃபில்டரை மாதாமாதம் கழுவுகிறேன். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் ஒரு வேலை செய்வேன். இந்த ப்ராசசருக்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும், இன்டெல் கணக்குப்படியே கொஞ்ச நேரத்துக்கு 134 வாட் வரை இழுக்கலாம். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டு செட்டிங்கில்) அந்த 134 வாட் வரம்பையும் 65 ஆக்கிவிடுவேன். ரெண்டர் முடியக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஃபேன் சத்தம் குறையும். ஜூன் பிறந்ததும் பழையபடி மாற்றிக்கொள்வேன்.