பூனை வளர்ப்போர் கவனத்திற்கு: மயக்க மருந்து இல்லாத பல் சுத்தம் என்று சொல்லி 6,450 ரூபாய் வாங்கினார்கள்

பூனையின் வாய் நாற்றத்தைப் போக்கித் தருவதாகச் சொல்லி 6,450 ரூபாய் வாங்கிக்கொண்டு, வாய்க்குள் இருந்த நோயை அப்படியே விட்டுவிட்டு, இப்போது தொலைபேசியைக்கூட எடுக்க மறுக்கும் ஒரு கடையைப் பற்றி எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் அது முடியும்வரை பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில், நாய் பூனைகளுக்கான தீவனமும் குளிப்பாட்டலும் முடி வெட்டலும் ஒரே கூரையின் கீழ் நடக்கும், ஏசி போட்ட கண்ணாடிக் கடை என்று மட்டும் சொல்கிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, பூனையின் பற்களை எப்படிப் பராமரிப்பது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் செம்பனுக்கு எட்டு வயது. வீட்டில் சாளை வாங்கினால் தலைகள் அவனுக்குத்தான் என்பதால், வாயில் வாடை அடிப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் மீன் தின்ற வாடை சிறிது நேரத்தில் போய்விடும். இது விடியற்காலையில் அவன் கொட்டாவி விட்டால்கூட அழுகிய நாற்றமாக வந்தது. பக்கப் பற்களில் பழுப்பு நிறக் காரை படிந்திருந்ததும், ஈறு ஓரம் சிவந்திருந்ததும் கண்ணுக்கே தெரிந்தன. அந்த நேரத்தில்தான் இந்தக் கடையின் விளம்பரம் வந்தது. மயக்க மருந்து இல்லை, வலி இல்லை, அரை மணி நேரத்தில் பளிச்சிடும் பற்கள் என்று எழுதி, முன்னும் பின்னுமாக இரண்டு படங்களும் போட்டிருந்தார்கள்.

கடையில் இருந்த இளைஞர் வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. அது முடி வெட்டும் பயிற்சிக்கு உரியது என்று இப்போது தெரிகிறது. அவர் செம்பனின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே கழுத்தைத் தடவிக் கொடுத்தார். மயக்க மருந்து கொடுத்தால் இந்த வயதுப் பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும் என்றும், டாக்டர்கள் பணத்துக்காகத்தான் மயக்கம் கொடுக்கிறார்கள் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். “பேடிக்காதீங்க அக்கா, நம்ம வீட்டுப் பூனை மாதிரி பாத்துக்கிடுவேன்” என்றார். பிறகு இரண்டு பேர் செம்பனைத் துண்டில் சுற்றி அழுத்திப் பிடிக்க, கூரிய கம்பியால் மேல் பல்லிலிருந்து ஒரு துண்டுக் காரையைப் பெயர்த்து, காகிதத்தில் வைத்து என் கையில் கொடுத்தார். மஞ்சளும் பழுப்புமாக, சிறு கல்லைப் போல இருந்தது அது. “இதுதான் நாற்றத்துக்குக் காரணம், இனி இல்லை” என்றார். அதற்குக் கீழே வெள்ளையாகப் பல் தெரிந்தபோது யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். அந்தக் கடையின் வியாபாரம் முழுவதும் அந்தக் காகிதத் துண்டில்தான் இருக்கிறது.

பல் சுத்தத்துக்கு 4,500 ரூபாய். வாயில் அடிக்கும் ஸ்பிரே 1,150 ரூபாய். உணவில் தூவும் பொடி 800 ரூபாய். இவற்றையும் சேர்த்து வாங்கினால்தான் பலன் நிற்கும் என்று சொன்னதால் மொத்தம் 6,450 ரூபாயைச் செலுத்தினேன்.

சில நாட்கள் பற்கள் அழகாகத்தான் இருந்தன. நாற்றம் மட்டும் குறையவில்லை. பிறகு செம்பன் தட்டருகே ஓடி வந்து, ஒரு வாய் கடித்ததும் தாடையை நடுங்க விட்டுப் பின்வாங்கத் தொடங்கினான். எச்சில் ஒழுகியது, அதில் இரத்தக் கோடும் தெரிந்தது. ஸ்பிரே அடித்தால் தலையை உதறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான்.

பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. அந்த இளைஞர் எதைச் சொல்லி எங்களைப் பயமுறுத்தினாரோ, அதையே முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மயக்கம் கொடுப்பார்கள் என்பதை அங்கேதான் அறிந்தேன். மயக்கத்தில் வைத்து எக்ஸ்ரே எடுத்தபோது, கீழ்த் தாடையின் இரண்டு பற்கள் ஈறு ஓரத்தில் அரித்துப் போயிருந்தன. பல்லை உடலே உள்ளிருந்து கரைத்துவிடும் இந்த நோய் பூனைகளுக்குப் பரவலாக வருவது என்றும், அடைத்துக் காப்பாற்ற முடியாது, பிடுங்குவதுதான் வழி என்றும் மருத்துவர் விளக்கினார். கடைக்காரர் சுரண்டியது ஈறுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டுமே. நோய் இருப்பதோ ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் பூனை அங்கே கருவியை நுழைக்க விடாது. முறையாகச் செய்யும்போது மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவார்கள், அதனால் தண்ணீரும் பெயர்ந்த காரையும் நுரையீரலுக்குள் போவதில்லை. சுரண்டிய பல்லை மெருகேற்றாமல் விட்டால் அந்தச் சொரசொரப்பில் அழுக்கு முன்னைவிட வேகமாகப் படியும். கடையில் மெருகேற்றவே இல்லை. ஸ்பிரே புட்டியில் கிராம்பு எண்ணெய் என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்ததும் மருத்துவர் அதை அங்கேயே நிறுத்தச் சொன்னார். அத்தகைய எண்ணெய்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தயாரித்தவரின் முகவரி அந்தப் புட்டியில் எங்கும் இல்லை.

இதன் பிறகு கடையில் நடந்ததுதான் என்னைக் கூடுதலாக எரிய வைக்கிறது. முதலில் கேட்டபோது, புண் ஆறும் நேரத்தில் வாடை வரத்தான் செய்யும், பொறுங்கள் என்றார்கள். அடுத்து, சாளை கொடுப்பதால் வந்த வினை என்று பழியை என் அடுப்படியில் போட்டார்கள். எக்ஸ்ரேயைக் காட்டியபோது, சுத்தம் செய்தவர் விடுப்பில் இருக்கிறார், அவர் வந்துதான் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் வந்துவிட்டார் என்று தெரிந்து போனால், திருவனந்தபுரத்தில் உள்ள தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பார்கள் என்றார்கள். அழைப்பு வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீலக்குறி மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. கடைசியாக நேரில் போய் 6,450 ரூபாயைத் திருப்பிக் கேட்டபோது, உரிமையாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல கிரூமிங்னுதானே இருக்கு, வைத்தியம்னு நாங்க எங்கே சொன்னோம்?” என்று கேட்டார். உண்மைதான். கையால் எழுதிய அந்தப் பில்லில் பல் என்ற சொல்லே இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்ததும், என்னிடம் வாயால் சொன்னதும், பணம் வாங்கியதும் பல்லுக்காக. காகிதத்தில் எழுதியது மட்டும் வேறு. இதைத் தெரியாமல் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளைக் கோட்டு இளைஞர் அப்போது பக்கத்தில்தான் ஒரு நாய்க்குட்டிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்கள்தான் கால்நடை மருத்துவத் தொழில் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அங்கும் தீர்வு கிடைக்காவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பரிவர்த்தனைக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தால் போதும். 6,450 ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா என்று கேட்கிறார்கள். இரண்டு பல் பிடுங்கியதற்கும் எக்ஸ்ரேக்கும் ஆன செலவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பராமரிப்பு பற்றி விவரமாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். செம்பனுக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டதால் அவசியமானவற்றை மட்டும் சொல்கிறேன். மயக்க மருந்து இல்லாமல் பல் சுத்தம் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். செய்பவரின் கால்நடை மருத்துவப் பதிவு எண்ணைக் கேளுங்கள், செய்யும் வேலையின் பெயரைப் பில்லில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். நம்முடைய பற்பசையையும் கிராம்பு எண்ணெயையும் பூனையின் வாயில் வைக்காதீர்கள். வலிக்கிறது என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துப்போகும். தினமும் பல் தேய்த்துவிடுவது நல்லதுதான், ஆனால் பூனைக்கென்று உள்ள பசையால், ஈறில் புண் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு. வாயில் மூத்திர வாடை அடித்தால் சிறுநீரகத்தையும், இனிப்பான வாடை அடித்தால் சர்க்கரையையும் உடனே சோதியுங்கள்.

அதே கடையில் அதே ஸ்பிரேயை வாங்கியவர்கள் புட்டியையும் பில்லையும் தூக்கி எறிந்துவிடாமல் வைத்திருந்து, எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்க அவை எனக்கு வேண்டும்.