ஆட்டீமியா முட்டை: நச்சுத்தன்மைப் பரிசோதனைக்குப் பேணியா, பையா?

திருகோணமலையில் அலங்கார மீன் கடைக்குப் போய் ஆட்டீமியா (உப்புநீரில் வாழும், இறால் போன்ற சிற்றுயிர்) முட்டை கேட்டால் இரண்டு வகை கிடைக்கும்: முத்திரையிட்ட தகரப்பேணி, கடையில் பிரித்துக் கட்டிய சிறு பொலித்தீன் பை. மீன்குஞ்சுக்குத் தீனி போட எதுவும் போதும். வேப்பிலைச் சாறோ சவர்க்காரமோ எந்தச் செறிவில் ஆட்டீமியாக் குஞ்சுகளைக் கொல்கிறது என்று அளக்கப்போகும் மாணவர்கள் பேணியையே வாங்கவேண்டும். பை முட்டை ஈரம் உறிஞ்சி முன்னும் பின்னுமாகப் பொரிக்கும். வயது கலந்தால் கணக்குப் பிழைக்கும். முதல் நிலைக் குஞ்சு எதையும் உண்ணாது, இரண்டாம் நிலைக் குஞ்சு விழுங்கத் தொடங்குவதால் நஞ்சு கூடுதலாக உள்ளே போகும். 'ஓடு நீக்கியது' என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். அது உலர்ந்த தீனி, பொரிக்காது.

ஒரு லீற்றர் கடல்நீருக்கு 1 கிராம் முட்டை, அடியிலிருந்து காற்று, விடாத வெளிச்சம், 28 பாகை செல்சியஸ்: 24 மணித்தியாலத்தில் பொரிக்கும். நீரை உப்புவெளிப் பக்கம் எடுத்து வடிகட்டுங்கள். மாரியில் கொட்டியாரக்குடாவில் மகாவலி வெள்ளம் கலந்து உப்பு இறங்கிவிடும். லீற்றருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு இருக்கவேண்டும். பொரித்தபின் காற்றை நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் விளக்கைப் பிடித்தால், குஞ்சுகள் செம்மஞ்சள் புகைபோல அங்கே திரளும். மிதக்கும் கோதும் அடியில் கிடக்கும் முட்டையும் வராமல் உறிஞ்சி எடுக்கலாம்.

1982இல் மேயர் குழுவினர் வெளியிட்ட முறையே இன்றும் கைகொடுக்கிறது: மில்லிலீற்றருக்கு 10, 100, 1000 மைக்கிரோகிராம் செறிவுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று குப்பி, குப்பிக்கு 5 மில்லிலீற்றரும் 10 குஞ்சும். பலர் பிழைவிடுவது துளிகுழாயில்தான். குஞ்சோடு அரை மில்லிலீற்றர் நீர் கூடப்போனாலே செறிவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் குப்பியைத் தளர்வாக மூடாவிட்டால் நீர் வற்றி உப்பு ஏறும். 24 மணித்தியாலத்தின் பின் வில்லையால் பார்த்து, 10 செக்கன் அசையாததை இறந்ததாக எண்ணுங்கள். சாறு சேர்க்காத குப்பிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் இறந்திருந்தால் முழுவதையும் திரும்பச் செய்யவேண்டும்.

பேணியின் குறை அதன் அளவு. பெரும்பாலும் 425 அல்லது 454 கிராம்; ஒரு பாடசாலைக்கு மிக அதிகம். நாலைந்து பாடசாலைகள் சேர்ந்து வாங்கி, திறந்த அன்றே உலர்ந்த கண்ணாடிப் போத்தல்களில் பங்கிட்டு, இறுக மூடிக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.