கொலராடோ பல்கலையின் சூறாவளிப் பருவ முன்கணிப்பு: எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்

ஏப்ரல் பிறந்ததும் அமெரிக்கச் செய்திகளில் "இந்த ஆண்டு இத்தனை சூறாவளி" என்று ஓர் எண் அடிபடத் தொடங்கும். பெரும்பாலும் அது கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக அறிக்கையிலிருந்து எடுத்தது. வானிலை ஆய்வாளர் வில்லியம் கிரே 1984-இல் தொடங்கி வைத்த பணி. இப்போது ஃபிலிப் க்ளாட்ஸ்பாக் தலைமையில் நடக்கிறது. ஏப்ரல், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என ஆண்டுக்கு நான்கு பதிப்புகள். கட்டணம் இல்லை, முழு அறிக்கையையும் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏப்ரல் பதிப்புக்கு ஐந்துக்கு இரண்டரை. ஆகஸ்ட் பதிப்புக்கு நான்கு. காரணங்களை விளக்கும் பக்கங்களுக்கு எந்தப் பதிப்பானாலும் ஐந்து. மாவட்டவாரியாகக் கரையைக் கடக்கும் வாய்ப்பு என்று வரும் அட்டவணைக்கு ஒன்றரை.

அட்லாண்டிக் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 1991-2020 சராசரிப்படி ஓர் ஆண்டுக்குப் பெயர் பெற்ற புயல்கள் 14, அவற்றில் சூறாவளியாக வலுப்பவை 7, காற்று வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஐந்து வகைகளில் மூன்றாம் வகையையோ அதற்கு மேலோ எட்டும் பெரும் சூறாவளிகள் 3. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எந்த முன்கணிப்பையும் படிக்க வேண்டும். தலைப்புச் செய்தியில் வரும் 17 பெரிதாகத் தெரியும். சராசரியோடு வைத்துப் பார்த்தால் மூன்றுதான் கூடுதல்.

பெயர் பெற்ற புயல்களின் எண்ணிக்கைதான் இருப்பதிலேயே பலவீனமான அளவுகோல். நடுக்கடலில் ஒன்றரை நாள் சுழன்று கலைந்த புயலுக்கும் அதில் ஒன்று, இரண்டு வாரம் ஆட்டிப்படைத்த சூறாவளிக்கும் ஒன்று. அதைவிட ஏ.சி.இ. என்ற திரள் ஆற்றல் அளவைப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புயலின் உச்சக் காற்று வேகத்தை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டி 10,000-ஆல் வகுப்பார்கள். 50 நாட் புயல் ஒரு முழு நாள் இருந்தால் 1 அலகு. 100 நாட் சூறாவளி ஒரு நாள் இருந்தால் 4 அலகு. வேகம் இரட்டித்தால் கணக்கு நான்கு மடங்கு. பருவச் சராசரி சுமார் 123.

இந்தக் கண்ணோட்டத்தில் பழைய கணக்கைப் பார்ப்போம். 2013 ஏப்ரலில் சொன்னது 18 புயல், 9 சூறாவளி, 4 பெரும் சூறாவளி. நடந்தது 14, 2, 0. புயல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஓரளவு தப்பியதுபோல் தெரியும். ஆனால் ஏ.சி.இ. 165 என்று கணித்த இடத்தில் வந்தது 36! வறண்ட காற்றும் மேலிருந்து அமுங்கும் காற்றும் புயல்களைத் தலைதூக்க விடவில்லை. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவும் அந்த ஆண்டு 7 முதல் 11 சூறாவளி என்று சொல்லித் தவறியது. எதிர்ப்பக்கம் 2020: ஏப்ரலில் 16 புயல் என்றார்கள், வந்தது 30.

ஏப்ரலில் ஏன் இப்படிச் சறுக்குகிறது? பருவத்தின் குடுமி பசிபிக் கடலின் கையில் இருக்கிறது. எல் நினோ, அதாவது நடுப் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, வந்தால் கரீபியன் கடலுக்கு மேலே உயரத்துக் காற்றும் தரைமட்டக் காற்றும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு திசையில் அடிக்கும். இதைத்தான் விண்ட் ஷியர் என்கிறார்கள். எழும்பி வரும் மேகக் கோபுரத்தின் தலை ஒரு பக்கம் இழுபட, கால் இன்னொரு பக்கம் நிற்க, புயல் சிதறிவிடும். பசிபிக் குளிரும் லா நினாவில் இந்த இழுப்பு குறையும். எல் நினோவா லா நினாவா என்பதை மார்ச், ஏப்ரலில் கணிப்பது மிகக் கடினம். அந்த மாதங்களில் கணினி மாதிரிகள் தடுமாறுவது ஆய்வாளர்கள் எல்லோரும் அறிந்தது. ஜூன் தாண்டினால்தான் பசிபிக்கின் போக்கு தெளியும்.

ஆகஸ்டில் அந்தக் குழப்பம் தீர்ந்திருக்கும், ஜூலையில் கரீபியனில் வீசிய காற்றும் கையில் இருக்கும். 2020 ஆகஸ்ட் பதிப்பில் எண் 24-க்கு ஏறியது. அதற்குள் ஒன்பது புயல்கள் வந்து போயிருந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும், ஏனென்றால் ஆகஸ்ட் எண்ணில் நடந்து முடிந்ததும் அடக்கம். 2023-இல் எல் நினோ இருந்தும் அட்லாண்டிக் வரலாறு காணாத சூட்டில் இருந்தது. ஏப்ரலில் 100 என்ற ஏ.சி.இ. கணிப்பை ஆகஸ்டில் 160 ஆக உயர்த்தினார்கள். பருவம் 145-ஐ ஒட்டி முடிந்தது. ஆகஸ்ட் எப்போதும் ஜெயிக்கும் என்றும் இல்லை. 2024 ஏப்ரலில் சொன்ன 11 சூறாவளி, 5 பெரும் சூறாவளி அப்படியே பலித்தது. ஜூலையில் 12, 6 என்று ஏற்றி, ஆகஸ்டிலும் அதையே வைத்துக்கொண்டதுதான் பிசகியது. அந்த ஆண்டு எர்னஸ்டோ ஓய்ந்தபின் ஆகஸ்ட் பிற்பகுதி முதல் செப்டம்பர் 9 வரை, பருவத்தின் உச்ச நாட்களில், ஒரு புயல்கூடப் பெயர் பெறவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுப் புயலுக்கு வித்தாகும் காற்றலைகள் வழக்கத்தைவிட வடக்கே, குளிர்ந்த நீருக்கும் வறண்ட காற்றுக்கும் மேலே இறங்கியதும், மேல்வளி மண்டலம் சூடாகிக் கிடந்ததும் காரணம் என்று இதே குழு உடனுக்குடன் எழுதியது. தன் கணிப்பு ஏன் தவறுகிறது என்று பருவத்தின் நடுவிலேயே விளக்கும் நேர்மைக்காகவே இவர்களைப் படிக்கலாம்.

அறிக்கையில் தவறாமல் பார்க்க வேண்டிய இன்னொரு பகுதி ஒப்புமை ஆண்டுகள். இன்றைய கடல் நிலையை ஒத்த பழைய ஆண்டுகளைப் பட்டியலிடுவார்கள். 2025 ஏப்ரலில் 1996, 1999, 2006, 2008, 2011 என்று கொடுத்தார்கள். இதில் 2006 இலையுதிர் காலத்தில் எல் நினோ எழும்பி, 10 புயலோடு அடங்கிய ஆண்டு. 2008-இல் 16 புயல், அதில் 5 பெரும் சூறாவளி. ஒரே கூடையில் இவ்வளவு வேறுபாடு இருந்தால் அந்த ஆண்டுக் கணிப்பைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும் என்று பொருள்.

குறைவான மதிப்பெண் பெற்ற அட்டவணைக்கு வருவோம். பெரும் சூறாவளி அமெரிக்கக் கரையைக் கடக்கும் நீண்டகாலச் சராசரி வாய்ப்பு 43%. 2024-க்கு 62%, 2025-க்கு 51% என்றார்கள். மாவட்டங்களுக்கும் தீவுகளுக்கும் தனித்தனி எண் உண்டு. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளும் அதில் அடக்கம். ஆனால் அந்த எண்கள் பழைய சராசரியைப் பருவத்தின் வீரியத்துக்கேற்ப ஏற்றியிறக்கியவை. புயலை எந்தப் பக்கம் தள்ளும் என்பதைத் தீர்மானிக்கும் காற்றோட்டத்தை மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதனால் எல்லா ஊருக்கும் எண் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். 2010-இல் 12 சூறாவளிகள் உருவாகியும் ஒன்றுகூட சூறாவளியாக அமெரிக்கக் கரையைத் தொடவில்லை. 1992 மந்தமான பருவம். முதலில் பெயர் பெற்ற ஆண்ட்ரூ ஐந்தாம் வகையாகத் தெற்கு ஃபுளோரிடாவைத் தரைமட்டமாக்கியது. 2025-இல் அமெரிக்காவை ஒரு சூறாவளியும் தாக்கவில்லை, ஜமைக்காவை மெலிசா மணிக்கு 185 மைல் வேகக் காற்றோடு அக்டோபர் 28 அன்று புரட்டிப் போட்டது.

நோவாவின் கணிப்பு மே கடைசியில் வரும், ஆகஸ்டில் புதுப்பிப்பார்கள். ஒற்றை எண்ணுக்குப் பதில் 70% நம்பகத்தோடு ஒரு வீச்சு கொடுப்பது சரியான வழி. காரண விளக்கம் கொலராடோவின் அளவுக்கு விரிவாக இருக்காது. லண்டனிலிருந்து வரும் டிராப்பிகல் ஸ்டார்ம் ரிஸ்க் குழு டிசம்பரிலேயே கணிப்பு வெளியிடும். காப்பீட்டு நிறுவனங்களுக்கு உதவலாம், குடும்பங்களுக்கு வேண்டியதில்லை.

அடுத்த பருவம் எப்படி இருக்கும் என்று நீங்களே எடைபோட விரும்பினால் ஜூன் பதிப்பில் இரண்டு படங்கள் போதும். ஒன்று, பசிபிக்கின் நினோ 3.4 பகுதி: சராசரியைவிட அரை டிகிரிக்கு மேல் சூடானால் எல் நினோ பக்கம், அரை டிகிரிக்கு மேல் குளிர்ந்தால் லா நினா பக்கம். மற்றொன்று, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கரீபியன் வரை 10 முதல் 20 பாகை அட்சத்தில் உள்ள கடல் வெப்பம். பசிபிக் சூடு, அட்லாண்டிக் குளிர்ச்சி என்றால் மந்தம். தலைகீழ் என்றால் உக்கிரம். இரண்டும் சூடு என்றால் 2023 போல இழுபறி. அந்த இழுபறி ஆண்டிலும் இடாலியா மூன்றாம் வகையாக ஃபுளோரிடாவில் ஏறியது.

எண் எதுவானாலும் ஏப்ரல் பதிப்பைச் செய்ய வேண்டிய வேலைக்கான மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக எடுத்த 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். ஜூன் 1-க்குள் கையில் இருக்க ஏப்ரலிலேயே பணம் கட்ட வேண்டும். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகைதானே என்று விட்டுவிடாதீர்கள்: 2024 ஜூலையில் பெரில் முதல் வகையாகத்தான் டெக்சாஸில் ஏறியது, ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது.

ஆகஸ்ட் தொடக்கம் முதல் அக்டோபர் வரை இதே குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறுங்காலக் கணிப்பு வெளியிடுகிறது. அடுத்த 14 நாளில் ஏ.சி.இ. அதிகமா, சராசரியா, குறைவா என்று மூன்று வாய்ப்புகளாகச் சொல்வார்கள். அடுத்த ஓரிரு வாரத்தில் பயணம் வைத்திருப்பவர்களுக்கு நான்கு பருவப் பதிப்புகளையும்விட அதுதான் உபயோகம். அதோடு தேசியச் சூறாவளி மையத்தின் ஏழு நாள் வரைபடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.